தேனீக் குடும்பம் திடீரென அழிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட்டிகளில் இருந்த தேனீக்கள் சில நாட்களுக்குள் காணாமல் போனது குறித்துத் தங்கள் நாளிதழ் அண்மையில் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். வேளாண் பக்கத்தில் தேனீக்கு அவ்வளவு இடம் கிடைப்பது அரிது; அதற்கு முதலில் நன்றி. ஆயினும் தலைப்பில் ஒரு முறையும் உள்ளே பல முறையும் வந்த ‘திடீர்’ என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. 18 ஆண்டுகளாகத் தேனீ வளர்த்து, அவற்றில் கணிசமானவற்றை இழந்தும் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாம் திடீர் என்று காண்பது ஒரு சரிவின் கடைசி வாரத்தை மட்டுமே. அதற்கு முந்தைய ஒன்றரை மாதத்தில் என்ன நடந்தது என்று கேட்காதவரை, தேனீயைக் காப்பது பற்றி நாம் பேசும் பேச்செல்லாம் வீடு எரிந்தபின் கிணறு வெட்டுகிற கதையாகவே இருக்கும்.

ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். நல்ல பருவத்தில் ஐரோப்பியத் தேனீயின் ராணி நாளொன்றுக்கு 1,500 முட்டைகள் வரை இடும். இட்ட 21 நாளில் பணித்தேனீ வெளிவருகிறது. ஏறக்குறைய முதல் 3 வாரங்களை அது கூட்டுக்குள்ளேயே அறைகளைத் துப்புரவு செய்தும், புழுக்களுக்கு ஊட்டியும், அடை கட்டியும், வாயிலில் காவல் நின்றும் கழிக்கிறது; அதன்பிறகே மதுரமும் மகரந்தமும் தேடி வெளியே பறக்கத் தொடங்கி, 2 அல்லது 3 வாரம் தாக்குப்பிடித்து, சிறகு கிழிந்து, பெரும்பாலும் கூட்டுக்கு வெகு தொலைவில் விழுந்து மடிகிறது. ஆகவே நலமாக இருக்கும் குடும்பத்திலும் நாள்தோறும் பல நூறு சாவுகள் உண்டு. அவை வெளியே நிகழ்வதால் வளர்ப்பவன் கண்ணில் படுவதில்லை. பிறப்பு அதை ஈடுகட்டுவதால் பெட்டியின் கூட்டமும் குறைவதில்லை.

வெளிவேலைக்குப் போகும் தேனீக்கள் நஞ்சாலோ நோயாலோ வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகச் சாகத் தொடங்கினால், உள்ளே புழுக்களுக்கு ஊட்ட வேண்டிய இளம் தேனீக்கள் வயதுக்கு முன்பே வெளியே கிளம்புகின்றன. 2011-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் கணித மாதிரியாக அமைத்துக் காட்டினர்: வெளித்தேனீக்களின் சாவு விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால், குடும்பம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆற்றலை இழந்து சரிகிறது. 2015-இல் வந்த இன்னோர் ஆய்வு, தேனீக்களின் முதுகில் நுண்ணிய அடையாளச் சில்லுகளை ஒட்டிக் கண்காணித்து, இளவயதிலேயே வெளியே போகும் தேனீ குறைவான பயணங்களையே முடித்து விரைவில் சாகிறது என்று உறுதி செய்தது. ஊட்ட ஆளில்லாமல் புழு மெலிகிறது. புழு அடைக்கு வேண்டிய 34 அல்லது 35 டிகிரி வெப்பத்தைப் பிடித்து வைக்கப் போதிய உடல்கள் இல்லை. அடுத்து வரும் தலைமுறை இன்னும் சிறியதாகவும் நலிந்ததாகவும் வருகிறது. இத்தனையும் நடக்கும்போது வெளியே நின்று பார்ப்பவனுக்கு வாயிலில் போக்குவரத்து மும்முரமாகவே தெரியும், ஏனெனில் உள்ளே இருக்க வேண்டியவையும் வெளியே வந்துவிட்டன. அந்த மும்முரத்தைக் கண்டு நான் மகிழ்ந்திருக்கிறேன்.

என் சொந்தப் பிழை ஒன்றையே சான்றாக வைக்கிறேன். ஒரு பருவத்தில், ஒரே இடத்தில் வைத்திருந்த 12 பெட்டிகளில் 7 பெட்டிகள் இரண்டு வருகைகளுக்கு இடையே வெறுமையாகிவிட்டன. ஒன்றைத் திறந்தபோது மேலறையின் தேன் சட்டங்கள் கைபடாமல் மெழுகு மூடி வெளுத்துக் கிடந்தன. கீழறையின் நடுச் சட்டத்தில் மூடிய புழு அடை இரு கையகலம் இருந்தது. அதன்மேல் ராணி நடந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி, இன்னும் உடம்பின் மயிர் கலையாத இளம் தேனீக்கள் ஒரு கைப்பிடி அளவு. பெட்டிக்குக் கீழே தரையில் செத்த தேனீ ஒன்றுகூட இல்லை. பக்கத்து வயலில் மருந்தடித்தவரை இரண்டு நாள் மனதுக்குள் திட்டினேன். பிறகுதான் என் குறிப்பேட்டைப் புரட்டினேன். 6 வாரங்களுக்கு முன் என் கையாலேயே எழுதியிருந்தது: ‘வாயில் பலகையில் சிறகு சுருங்கிய ஈக்கள் ஐந்தாறு. குளிர் போலும்.’ அதற்கு அடுத்த வரி, ‘தேன் வரவு நன்று.’ சிறகு சுருங்கிப் பிறப்பது குளிரால் வருவதன்று. தேனீயின் உடம்பில் ஒட்டி வாழும் வரோவா உண்ணி பரப்பும் சிறகுச் சிதைவு வைரஸின் அடையாளம் அது. பாடம் தெரிந்திருந்தும், தேன் நிறைய வந்த களிப்பில் அந்த வரியைக் கடந்து போய்விட்டேன்.

இங்கே இரண்டு வேறு நிகழ்வுகளைப் பிரித்துச் சொல்வது தேவை, ஏனெனில் செய்திகளில் இவை குழம்பிப் போகின்றன. தேனீக்கள் இடம் பிடிக்காமல் ஓடிப்போவது என்பது ஒன்று. அப்போது ராணியும் சேர்ந்தே போகும், தேனை உறிஞ்சி வயிற்றில் நிரப்பிக்கொண்டு போவதால் அடைகள் பெரும்பாலும் வறண்டு கிடக்கும், புழுவும் அதிகம் இராது. நான் மேலே சொன்னது அதற்கு நேர்மாறு: ராணி இருக்கிறது, புழு இருக்கிறது, உணவு இருக்கிறது, உழைக்கும் கூட்டம் மட்டும் இல்லை. புழுவை விட்டுவிட்டுத் தேனீ எளிதில் தானாகப் போகாது என்பது இத்தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரியும். 2006-இன் இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பெருவளர்ப்பாளர் 400 பெட்டிகளை வைத்திருந்த இடத்துக்குத் திரும்பி வந்தபோது அவற்றில் மிகப்பெரும்பாலானவை இந்த நிலையில்தான் கிடந்தன. மறு ஆண்டில் அதற்கு ‘குடும்பச் சரிவுக் கோளாறு’ என்ற பொருளில் ஒரு பெயர் சூட்டப்பட்டது. அந்தக் குளிர்காலத்தில் அங்கே பாதிக்கப்பட்ட சில வளர்ப்பாளர்கள் தம் பெட்டிகளில் 30 முதல் 90 விழுக்காடு வரை இழந்ததாக அறிவித்தனர்.

காரணம் என்ன என்ற தேடலில் அப்போது வந்த பதில்களில் சில இன்றும் நம் கைப்பேசிகளில் சுற்றுகின்றன. கைப்பேசிக் கோபுரமே தேனீயைக் கொன்றது என்பது அவற்றில் ஒன்று. கம்பியில்லா வீட்டுத் தொலைபேசியின் அடிக்கருவியை வைத்து ஜெர்மனியில் செய்யப்பட்ட ஒரு சிறு சோதனையைப் பத்திரிகைகள் திரித்து எழுதியதிலிருந்து பெருகிய கதை அது. தேனீ அழிந்தால் மனிதனுக்கு 4 ஆண்டுதான் வாழ்வு என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக வரும் வாசகம் இன்னொன்று. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை, தங்கள் நாளிதழாவது அதைத் தவிர்த்தால் மகிழ்வேன். ஆய்வாளர்கள் வந்தடைந்தது கவர்ச்சி குறைந்த முடிவு: உண்ணி, அது சுமக்கும் வைரஸ்கள், குடலைத் தாக்கும் நோசீமா என்னும் ஒட்டுண்ணி, பூச்சிக்கொல்லி, ஒரே வகை மகரந்தத்தால் வரும் சத்துக்குறைவு, ஓயாத இடமாற்றம் ஆகியவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி அமுக்கியதன் விளைவு அது. இங்கிலாந்தின் வைட் தீவில் 1900-களின் தொடக்கத்தில் தேனீக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தபோதும் இதே கதைதான். 1921-இல் மூச்சுக்குழல் உண்ணியைக் கண்டுபிடித்துப் பழியை அதன்மேல் போட்டு முடித்தார்கள். பிற்கால ஆய்வுகள் அந்தத் தீர்ப்பு அவ்வளவு எளிதன்று என்று காட்டின.

காரணங்கள் பல என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியன்று. ஐரோப்பியத் தேனீயைப் பொறுத்தவரை முதல் எதிரி வரோவா உண்ணியே என்பது என் கருத்து. இது ஆசியத் தேனீயின் பழைய ஒட்டுண்ணி. ஆசியத் தேனீயின் கூட்டில் அது பெரும்பாலும் ஆண் புழு அறைகளில் மட்டுமே இனம் பெருக்க முடியும். மேலும் அந்தத் தேனீக்கள் ஒன்றன் உடம்பிலிருந்து மற்றொன்று உண்ணியைக் கடித்து எடுக்கும் பழக்கம் கொண்டவை. கடந்த நூற்றாண்டில் மனிதன் ஐரோப்பியத் தேனீயைக் கிழக்கே கொண்டுவந்து இரண்டையும் அருகருகே வைத்தபின், அந்தத் தடைகள் இல்லாத புது வீட்டுக்கு உண்ணி தாவியது. 1987-இல் அமெரிக்காவிலும் 1992-இல் பிரிட்டனிலும் 2000-இல் நியூசிலாந்திலும் கண்டறியப்பட்டது. நெடுங்காலம் தப்பியிருந்த ஆஸ்திரேலியாவில் 2022 ஜூனில் நுழைந்தது. ஓராண்டுக்கு மேல் பெட்டிகளை அழித்துப் பார்த்துவிட்டு, இனி ஒழிக்க முடியாது என்று 2023 செப்டம்பரில் அந்நாடு கைவிட்டது.

தாய் உண்ணி கடுகை நசுக்கிப் போட்டது போல் தட்டையாக, செம்பழுப்பாக, ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். புழு அறை மூடப்படுவதற்குச் சற்று முன் உள்ளே நுழைந்து, மூடிய பின் முட்டையிட்டு, குஞ்சுகளோடு சேர்ந்து கூட்டுப்புழுவை உண்கிறது. அது இரத்தத்தை உறிஞ்சுகிறது என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். வளர்ந்த தேனீயில் அது குறிவைப்பது முக்கியமாகக் கொழுப்புத் திசுவை என்று 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. தேனீக்கு அந்தத் திசு நம் கல்லீரலைப் போன்றது. நோயெதிர்ப்பு, நஞ்சை முறிப்பது, உணவைச் சேமிப்பது எல்லாம் அங்கேதான். ஒரே கடி எப்படி ஒரு தேனீயை மருந்துக்கும் பசிக்கும் வைரஸுக்கும் ஒருங்கே தாங்காததாக ஆக்குகிறது என்பது இதனால் புரிகிறது. புழு வளரும் பருவத்தில் உண்ணியின் எண்ணிக்கை ஏறக்குறைய மாதத்துக்கு இரு மடங்காகும். தேன் வரத்து முடிந்ததும் ராணி முட்டையிடுவதைக் குறைக்கிறது, தேனீக்கள் குறைகின்றன, உண்ணியோ குறைவதில்லை. தேனெடுத்த மகிழ்ச்சியில் நாம் பெட்டியை மறந்திருக்கும் அந்த வாரங்களில்தான், ஒரு தேனீக்கு இத்தனை உண்ணி என்ற விகிதம் ஏறுகிறது.

இதைக் கண்டறிய ஆய்வகம் தேவையில்லை. புழு உள்ள சட்டத்தில் ராணி இல்லை என்று இருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு, அரைக் கோப்பை அளவு, அதாவது ஏறக்குறைய 300 தேனீக்களை, வலை மூடியிட்ட ஒரு கண்ணாடிச் சாடியில் தட்டிப் போட வேண்டும். இரண்டு கரண்டி பொடித்த சர்க்கரையை வலை வழியே தூவி, சாடியை ஒரு நிமிடம் உருட்டி, சற்று நிழலில் வைத்துவிட்டு, வெள்ளைத் தட்டின்மேல் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். சர்க்கரை மாவில் வழுக்கிய உண்ணிகள் விழும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் மாவு கரைந்து செம்பழுப்புப் புள்ளிகள் மட்டும் நிற்கும். 300 தேனீக்கு 9 உண்ணி என்றால் 3 விழுக்காடு. அந்த அளவை எட்டுமுன்பே மருத்துவம் தொடங்கிவிட வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வழக்கு. மூடிய அறைகளுக்குள் ஒளிந்திருப்பவை இக்கணக்கில் வரா என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தேனீக்கள் மாவு பூசிய முகத்தோடு கோபமாகப் பெட்டிக்குத் திரும்பும், சாவதில்லை. பெட்டிக்குப் பத்து நிமிடம் பிடிக்கும் இந்த வேலையை மாதம் ஒருமுறை செய்பவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

மருத்துவத்திலும் நம்மவர்கள் அவசரக்காரர்கள். ஆக்சாலிக் அமிலம் மூடிய அறைக்குள் ஊடுருவாது. எனவே புழு இல்லாத இடைவெளியில்தான் அது முழுப் பயன் தரும். ஃபார்மிக் அமிலத்தின் ஆவி மூடியைக் கடந்து செல்லும், ஆனால் வெப்பம் மிகுந்த நாட்களில் ராணியையே கொன்றுவிடக் கூடும். ஒரே மருந்தை ஆண்டுதோறும் வைப்பவர், அதற்கு அசையாத உண்ணியைத் தாமே வளர்க்கிறார். 2024 நடுப்பகுதிக்கும் 2025 தொடக்கத்துக்கும் இடையில் அமெரிக்காவின் வணிக வளர்ப்பாளர்கள் சராசரியாக 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட குடும்பங்களை இழந்தார்கள். அரசு ஆய்வாளர்கள் அந்தப் பெட்டிகளைப் பார்த்தபோது வைரஸ்கள் மிகுந்திருந்தன. அவர்கள் சோதித்த உண்ணிகளோ, அங்கே பெரிதும் நம்பப்பட்டு வந்த அமிட்ராஸ் மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றவையாக இருந்தன.

ஆசியத் தேனீயை வளர்ப்போர் உண்ணியைத் தாங்கும் இனம் தம்மிடம் இருப்பதால் கவலையற்று இருக்க இயலாது. 1970-களில் தாய்லாந்தில் அறியப்பட்ட பைப்புழு நோய் வைரஸ், 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் அந்த இனத்தின் பெரும்பகுதியைத் துடைத்தெடுத்தது. அந்நோய்க்கு மருந்து கிடையாது; தப்பிப் பிழைத்த குடும்பங்களிலிருந்து பெருக்குவதும், நோயுற்ற அடையை வேறு பெட்டிக்கு மாற்றாமல் இருப்பதுமே வழி.

பூச்சிக்கொல்லிக்கு வருகிறேன். தேனீ தன் கூட்டிலிருந்து 3 கிலோமீட்டர் வரை வெகு இயல்பாகப் பறக்கும். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 7,000 ஏக்கர். அதற்குள் யார் எதை எப்போது தெளிக்கிறார்கள் என்பது வளர்ப்பவன் கையில் இல்லை. 2008-இல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் மக்காச்சோள விதைக்குப் பூசிய குளோதியானிடின் என்னும் பூச்சிக்கொல்லி சரியாக ஒட்டாமல், விதைக்கும் எந்திரத்தின் காற்றோடு தூசியாகப் பறந்து பக்கத்துப் பூக்களில் படிந்ததில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேனீக் குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் அந்த வகை மருந்துகள் மூன்றுக்குக் கட்டுப்பாடு விதித்து, 2018-இல் இமிடாகுளோப்ரிட், குளோதியானிடின், தயமீதாக்சம் ஆகியவற்றைத் திறந்த வெளியில் பயன்படுத்துவதையே தடை செய்தது. உடனே கொல்லாத அளவிலும் இவை தேனீயின் நினைவையும் வழிதேடும் திறனையும் கெடுக்கின்றன. வழி தெரியாத தேனீ வீடு திரும்பாது, அதன் பிணமும் பெட்டியருகே கிடக்காது. பூஞ்சைக்கொல்லி தேனீக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. நஞ்சை முறிக்கும் தேனீயின் நொதிகளைச் சில பூஞ்சைக்கொல்லிகள் முடக்குவதால், அவற்றோடு ஒரே தொட்டியில் கலந்து அடிக்கப்படும் பூச்சிக்கொல்லியின் வீரியம் பன்மடங்காகிறது.

இதைச் சொல்லும்போது உழவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. மகரந்தச் சேர்க்கையால் முதலில் பயன்பெறுபவர் அவரே. நாங்கள் கேட்பது சிறியது: பயிர் பூத்திருக்கும்போது தெளிக்க வேண்டாம்; தவிர்க்கவே முடியாதென்றால் பொழுது சாய்ந்து தேனீ கூடடைந்தபின் தெளிக்கலாம்; தூளாக நிற்கும் மருந்தைவிட விரைவில் உலரும் திரவத்தைத் தேர்ந்தெடுக்கலாம்; எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு நாள் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லலாம். அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் நாங்கள் பெட்டியை இரவோடு இரவாக நகர்த்துவோம், அல்லது காற்றோட்டம் விட்டு ஈரச் சாக்கு போர்த்தி அரை நாள் அடைத்து வைப்போம். பெட்டி வைத்திருப்பவர் தம் இடத்தை முன்வந்து அறிவித்தால்தான் யாரிடம் சொல்வது என்று உழவருக்குத் தெரியும். தேன் திருட்டுக்கு அஞ்சி இடத்தை மறைத்து வைக்கும் எங்கள் பழக்கம் இதில் எங்களுக்கே பகையாகிறது.

உணவு பற்றி ஒன்று மட்டும். சர்க்கரைப் பாகு எரிபொருள்தான். புழு வளரப் புரதம் வேண்டும், அது மகரந்தத்திலிருந்தே வர வேண்டும், அதுவும் பலவகைப் பூக்களிலிருந்து. களை என்று வரப்பைச் சுரண்டி வெளுப்பாக்குவதில் நாம் காட்டும் சுறுசுறுப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால், பெரும்பயிர் பூக்காத மாதங்களில் தேனீக்கு அதுவே போதும்.

உலகில் வளர்ப்புத் தேனீக் குடும்பங்களின் மொத்த எண்ணிக்கை 1960-களில் இருந்ததைவிட இன்று கூடுதலாகவே இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தேனீ இனமே அழிகிறது என்ற அலறல் அந்தக் கணக்கோடு பொருந்தாது. அந்த எண்ணிக்கையைத் தக்கவைக்க வளர்ப்பவர் ஆண்டுதோறும் இழந்ததைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கி ஈடுகட்டுகிறார் என்பதும், அதற்கான உழைப்பும் செலவும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதும் அதன் மறுபக்கம். அப்படி ஈடுகட்ட யாருமில்லாத காட்டுத் தேனீக்களின் நிலை வேறு. அது தனிக் கடிதத்துக்குரியது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது, தங்கள் நிருபர் பெட்டியின் உரிமையாளரிடம் சில கேள்விகளைக் கேட்டு எழுத வேண்டும்: ராணி இருந்ததா, புழுவும் தேனும் மிச்சமிருந்தனவா, வாயிலில் பிணங்கள் குவிந்திருந்தனவா, கடைசியாக உண்ணி எண்ணியது எந்தத் தேதியில், எத்தனை விழுந்தன. பிணங்கள் குவிந்திருந்தால் அன்றே சில நூறு தேனீக்களை உறைநிலையில் எடுத்து வைத்தாரா என்றும் கேட்க வேண்டும், ஏனெனில் வெயிலில் கிடந்த பிணத்தில் நஞ்சைத் தேடிப் பயனில்லை. முதலில் இந்த வினாக்களுக்குப் பலரிடம் பதில் இராது. என்னிடமும் அந்தப் பருவத்தில் இருந்தது ‘குளிர் போலும்’ என்ற ஒரு வரிதான்.

இப்படிக்கு,
தேனீ வளர்ப்பாளர் ஒருவர்